எட்டாயிரத்துக்குப் பேசி முடித்த கை

மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டத்தைப் பற்றி விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மயானக் கொள்ளை பார்க்கவும் ஊஞ்சல் உற்சவம் பார்க்கவும் போன வண்டிகள் மறுநாள் விடியும் வரை திண்டிவனம் - செஞ்சி சாலையில் திரும்பிக்கொண்டிருக்கும். இந்த வருடம் அப்படித் திரும்பிய கார் ஒன்று, காலை ஆறரை மணிக்கு ஒரு கைகாட்டி நிறுத்தத்தில் டீ குடிப்பதற்காகச் சட்டென்று இடதுபுறம் ஒடித்தது. ஓரமாகப் போய்க்கொண்டிருந்த மொபெட்டின் கைப்பிடியில் காரின் கதவு உரசியது. மொபெட்டில் இருந்தவர்கள் மல்லாட்டை பறிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கணவனும் மனைவியும். கணவருக்கு முட்டியில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி வலது கையை ஊன்றி விழுந்தார். தூக்குவாளியில் இருந்த கஞ்சி தார் ரோட்டில் கொட்டியது. காருக்கு இடப்பக்கக் கண்ணாடி உடைந்து, கதவில் ஒரு கோடு.

கார் நின்றது. ஓட்டியவர் இறங்கி வந்து பார்த்தார். அவரை இவர்களுக்குத் தெரியும், இவர்களை அவருக்கும் தெரியும். அவருடைய சித்தப்பா நிலத்தில்தான் அன்றைக்கு மல்லாட்டை பறிப்பு.

“ஒண்ணும் ஆவல. சாயங்காலம் வாங்க, பேசி முடிச்சுக்கலாம்.”

இந்த வாரம் நாம் எழுத நினைப்பது இந்த ‘பேசி முடிச்சுக்கலாம்’ பற்றித்தான். விபத்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கார் மோதியதில் சாதி எதுவும் இல்லை, டிரைவர் இண்டிகேட்டர் போடாததுதான் காரணம். சாதி வந்து உட்கார்ந்தது அன்று சாயங்காலம்.

கார்க்காரர் ஊரில் இருக்கிறார். மொபெட்காரர்கள் இருப்பது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்த அந்தச் சொல்லால் இன்னும் அழைக்கப்படும் காலனியில். பேச்சு நடந்த இடம் ஊருக்குள், கோயிலுக்கு எதிரே உள்ள மண்டபத் திண்ணை. நான்கு பேர் திண்ணையில், இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில். இவர்கள் கீழே நின்றார்கள். துணியால் கையைக் கட்டிக்கொண்டு அந்த அம்மா ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

முதலில் பேசப்பட்டது கையைப் பற்றி அல்ல, காரின் கண்ணாடியைப் பற்றி. கண்ணாடிக்கும் கதவுக்கும் சேர்த்து ஆறாயிரம் ஆகும் என்றார்கள். “அத நாங்க கேக்கப்போறதில்ல” என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் கை. நாற்பத்தெட்டு வயதுக் கணவரை, மண்டபத்தில் இருந்த இருபத்தைந்து வயதுப் பையன் “நீ என்னப்பா கேக்குற?” என்றான். அவர் எதுவும் கேட்கவில்லை. “நீங்களே பாத்து செய்யுங்க ஐயா” என்றார். எட்டாயிரம் என்று முடிந்தது. கையில் ஐயாயிரம்தான் இருந்ததால் மீதி மூவாயிரத்தை கார்க்காரர் தன் செல்போனிலிருந்து இவர்களுடைய மகனின் எண்ணுக்கு ஜிபே செய்தார். ஒரு வெள்ளைத்தாளில், ‘இரு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டோம், இனிமேல் இது சம்பந்தமாக எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி, கணவர் கையெழுத்துப் போட்டார், மனைவி இடது கையால் ரேகை வைத்தார். வலது கையைத்தான் தூக்க முடியவில்லையே.

கவனிக்க வேண்டியது, அதுவரை யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை.

நாட்டு வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டார்கள். வீக்கம் குறையவில்லை. நான்காம் நாள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனபோதுதான் மணிக்கட்டில் எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. போவதற்கு முன்னால் மண்டபத்தில் இருந்தவர்களில் ஒருவர் போன் செய்து ஒரு யோசனை சொன்னார்: “ஆக்சிடென்ட்டுன்னு சொன்னா போலீஸ் கேஸாவும். மாடு இழுத்து வுழுந்துட்டேன்னு சொல்லிடு.” அந்த அம்மா அப்படியே சொன்னார். மருத்துவமனைப் பதிவேட்டில் அப்படியே ஏறியது.

மூன்று மாதம் அவரால் களை வெட்ட முடியவில்லை, பறிப்புக்குப் போக முடியவில்லை, வீட்டில் குடம் தூக்கக்கூட முடியவில்லை. எட்டாயிரம் ரூபாய், கட்டுக்கும் போக்குவரத்துக்கும் மாவுக்கட்டு பிரித்த பிறகு போட்ட தைலத்துக்குமே போய்விட்டது.

பேசி முடிப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. சென்னையில் சிக்னலில் இரண்டு கார்கள் உரசிக்கொண்டால், பெரும்பாலும் இருவரும் இறங்கி, பத்து நிமிடம் கத்தி, இரண்டாயிரமோ மூவாயிரமோ கை மாறி, போய்விடுகிறார்கள். அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. கார் வைத்திருப்பவர் ஒரு வருடம் தன் வண்டியின் சேதத்துக்குக் க்ளைம் கேட்காமல் இருந்தால் அடுத்த வருட பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து ஐந்து வருடம் கேட்காவிட்டால் 50 சதவீதம் வரை. மூவாயிரம் ரூபாய் கோட்டுக்காக அந்தத் தள்ளுபடியை இழக்க வேண்டாம் என்று நினைப்பது நியாயம்தான். அங்கே இருவரும் ஒரே ரோட்டில் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். பிடிக்காவிட்டால் ‘வா ஸ்டேஷனுக்கு’ என்று இருவராலும் சொல்ல முடிகிறது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கார்க்காரர்களே சரியாகத் தெரிந்துவைத்திருப்பதில்லை. அந்தத் தள்ளுபடி சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான். எதிரே வந்தவருக்கு அடிபட்டு, அவர் மூன்றாம் நபர் காப்பீட்டில் இழப்பீடு வாங்கினால், அதனால் இந்தத் தள்ளுபடி போகாது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் பொதுச் சாலையில் ஓடக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவு சொல்கிறது. அந்தக் காப்பீடு இருப்பதே அடிபட்டவருக்காகத்தான். அதற்கான பணத்தைக் கார்க்காரர் ஏற்கெனவே கட்டிவிட்டார். நம் மொபெட் தம்பதிக்கு நியாயமான இழப்பீடு கிடைத்திருந்தால் அவர் பையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போயிருக்காது. உண்மையில் அவர் பையிலிருந்து எட்டாயிரம் போனது பேசி முடித்ததால்தான்.

பிறகு ஏன் பேசி முடிக்கிறார்கள்? காப்பீடு காலாவதி ஆகியிருக்கலாம். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாமல் இருக்கலாம். கோயிலுக்குப் போய்விட்டு இரவெல்லாம் தூங்காமல் ஓட்டியதை ஸ்டேஷனில் சொல்ல விருப்பமில்லாமல் இருக்கலாம். இதெல்லாம் எதுவுமே இல்லாமல், ‘இவங்க கேஸ் கொடுக்கிற அளவுக்கு வந்துட்டாங்களா’ என்பது மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். கடைசிக் காரணம்தான் நம் பகுதியில் அதிகம் என்பது நம் அனுபவம்.

சட்டப்படி இந்தக் கைக்கு என்ன மதிப்பு?

பாரதிய நியாய சம்ஹிதாவின் 116-வது பிரிவில் ‘கொடுங்காயம்’ என்றால் என்ன என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எலும்பு முறிவு அதில் வருகிறது. பல் உடைந்தால்கூட வருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்து 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 164-வது பிரிவு சொல்வது இது: வாகன விபத்தில் உயிரிழப்பு என்றால் 5 லட்சம் ரூபாய், கொடுங்காயம் என்றால் 2.5 லட்சம் ரூபாய். யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. வண்டி உரிமையாளரோ அவருடைய காப்பீட்டு நிறுவனமோ கொடுத்தாக வேண்டும். இதைவிடக் கூடுதலாக நட்டம் என்றால், தவறு யாருடையது என்று காட்டி 166-வது பிரிவில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். இரண்டு வழியிலும் வாங்க முடியாது. எது நல்லது என்று வழக்கறிஞரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

எட்டாயிரத்தையும் இரண்டரை லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் மண்டபத் திண்ணையின் உயரம் தெரியும்.

இதைச் சொன்னபோது அந்தக் கணவர் நம்மிடம் சொன்ன பதில்: “எனக்கு லைசென்ஸ் இல்லிங்க. வண்டிக்கு இன்சூரன்ஸும் கட்டல. நான் எப்படி ஸ்டேஷனுக்குப் போறது?” பேச்சு நடந்த அன்று அவரை வாயடைத்ததும் இந்தப் பயம்தான். மண்டபத்தில் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டவும் செய்திருக்கிறார். இந்தப் பயத்தைச் சரியான அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், காப்பீடு இல்லாவிட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ என்று சட்டத்தில் இருக்கிறது. அது குற்றம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்தில் பங்குத் தவறும் அவருடையது என்று ஆகிவிடாது. உச்ச நீதிமன்றம் 2008-லேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இங்கே அடிபட்டவரோ பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி. அவருக்கு லைசென்ஸ் எதற்கு? இரண்டு ஓட்டுநர்கள் மீதும் தவறு இருந்தால்கூட, இப்படி அடிபட்டவர் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழு இழப்பீட்டையும் கேட்கலாம் என்பது 2015-ல் வந்த தீர்ப்பு.

இன்னொரு பயம் இதைவிடப் பெரியது. அதற்குச் சட்டப் புத்தகத்தில் உடனே பதில் கிடைப்பதில்லை. புகார் கொடுத்தால் அடுத்த பறிப்புக்கு யார் கூப்பிடுவார்கள்? இரண்டாயிரம் முன்பணம் யாரிடம் கேட்பது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினர் மீது சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ விதிப்பதும், விதிக்கப்போவதாக மிரட்டுவதும் குற்றம். ‘கேஸ் போட்டா வேலை கிடையாது’ என்று நான்கு பேர் முன்னால் சொன்னால் அது அந்தச் சட்டத்துக்குள் வரும். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லையே. கூப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

கதவுக் கோட்டின் விலை

இதே கணக்கு திரும்பி நடந்தால் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்தோம். தாட்கோ மூலம் கடன் வாங்கிச் சரக்கு ஆட்டோ எடுத்து ஓட்டும் இளைஞர் ஒருவர், திண்டிவனத்தில் லோடு இறக்கிவிட்டுப் பின்னால் எடுத்தபோது, நின்றிருந்த காரின் கதவில் உரசிவிட்டார். தவறு அவருடையதுதான், அவரே ஒப்புக்கொள்கிறார். கார்க்காரர் செய்த முதல் வேலை சரக்கு ஆட்டோவின் சாவியைப் பிடுங்கியது. இரண்டாவது, “எந்த ஊரு? ஊர்ல எங்க?” என்று கேட்டது. இந்த இரண்டாவது கேள்வியின் அர்த்தம் நம் வாசகர்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயருக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை, தெருவைத் தெரிந்துகொள்ளத்தான் அது. பதில் கிடைத்த பிறகு தொகை பதினைந்தாயிரம் ஆனது. கெஞ்சிப் பன்னிரண்டாயிரம் ஆக்கி, வட்டிக்கு வாங்கிக் கொடுத்து, மாலை நான்கு மணிக்குச் சாவியை மீட்டார். அன்றைய இரண்டு லோடு போனது தனி.

அடுத்த வாரம் பட்டறையில் கேட்டிருக்கிறார். அந்த மாதிரிக் கோட்டுக்கு டிங்கரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு என்றார்களாம்.

அவருடைய சரக்கு ஆட்டோவுக்குக் காப்பீடு இருந்தது. கடன் வண்டிக்குக் காப்பீடு இல்லாமல் விடமாட்டார்கள். அந்தப் பாலிசியில் மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கும் பாதுகாப்பு உண்டு. கார், சரக்கு வண்டி பாலிசிகளில் வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை. ‘என் இன்சூரன்ஸ் இருக்கு, க்ளைம் பண்ணிக்குங்க’ என்று அவர் சொல்லியிருக்கலாம். “பாலிசி பேப்பர் சீட்டுக்கு அடியிலதான் இருந்துச்சு. அது போலீஸ் கேட்டா காட்டறதுக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றார்.

ஆக, நம்மவர் கை உடைந்தால் எட்டாயிரம், அவர்கள் கதவில் கோடு விழுந்தால் பன்னிரண்டாயிரம். இரண்டும் ‘பேசி முடித்த’ தொகைகள். காப்பீட்டுக்காரர் வந்து பார்த்தால் கதவுக்குக் கதவு விலைதான் எழுதுவார். ‘ஊர்ல எங்க?’ என்ற கட்டம் அவருடைய படிவத்தில் இல்லை.

தீர்ப்பாயம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேயும் கூலிக்காரருக்குக் கணக்கு குறைவுதான். மாதச் சம்பளக்காரர் அடிபட்டால் சம்பளச் சீட்டைக் காட்டுவார். நம்மவரிடம் சீட்டு இல்லை, உத்தேச வருமானம் என்று நீதிமன்றமே ஒரு தொகை வைக்கும். உயிரிழப்பிலும் நிரந்தர ஊனத்திலும் வயதுக்கேற்ற பெருக்கல் எண் ஒன்று உண்டு. 2009-ல் உச்ச நீதிமன்றம் வகுத்தது: 25 வயது வரை 18, 41 முதல் 45 வயது வரை 14 என்று இறங்கிக்கொண்டே போகும். குறைந்த வருமானத்தை எதனால் பெருக்கினாலும் விடை குறைவாகத்தான் வரும். வழக்கும் வருடக்கணக்கில் போகலாம். இது போதாதென்று, பெரிய மருத்துவமனை வாசல்களில் ‘விபத்துக் கேஸ் பிடிக்கும்’ தரகர்கள் வேறு. வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கிடைப்பதில் பாதியை எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பதிலாக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் யாராக இருந்தாலும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987-ம் வருடச் சட்டம். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். தொலைபேசி 15100.

பேசித்தான் முடிக்க வேண்டும் என்றால் அதற்கும் அங்கே இடம் உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் விபத்து இழப்பீட்டு வழக்குகளும் தீர்கின்றன. காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரியும் வருவார், அடிபட்டவரும் வருவார், நடுவில் நீதிபதி இருப்பார். சம்மதம் இல்லாமல் எதுவும் முடியாது, முடிந்தால் மேல்முறையீடு கிடையாது. அதுவும் சமரசம்தான், ஆனால் எல்லோருக்கும் நாற்காலி போட்ட சமரசம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை

இந்தப் பகுதியைப் படிக்கும் மாணவர்கள் நிறைய. உங்களிடம் போன் இருக்கிறது. தெருவில் யாருக்காவது விபத்து என்றால், பெரியவர்கள் பேச்சுக்குப் போவதற்கு முன்னால், மோதிய வண்டியின் எண்ணோடு ஒரு படம், விழுந்து கிடக்கும் வண்டியோடு ஒரு படம், ரோட்டோடு ஒரு படம் எடுத்துவிடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் அதற்குக் காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். 108-க்குப் போன் செய்யுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில், தனியாரே ஆனாலும், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நம் அம்மா நாட்டு வைத்தியரிடம் இருந்தது அந்த 48 மணி நேரத்தில்தான்.

மருத்துவமனையில் என்ன நடந்ததோ அதைச் சொல்ல வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. விபத்துப் பதிவேட்டில் - ஏ.ஆர். காப்பி என்பார்கள் - முதல் நாள் எழுதப்படும் ஒரு வரிதான் பின்னால் எல்லா இடத்திலும் பேசும். ‘மாடு இழுத்து விழுந்தது’ என்று அங்கே எழுதிவிட்டால், பிறகு கார் மோதியது என்று சொல்லும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீட்டுவது அந்தத் தாளைத்தான். வெள்ளைத்தாளில் வைத்த கைரேகையை இரண்டாவதாக நீட்டுவார்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்பக் கூடாது. அடிபட்டவருக்குச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்வதும் வண்டி ஓட்டியவரின் கடமை என்று 134-வது பிரிவு சொல்கிறது. விபத்துத் தகவல் வந்து 48 மணி நேரத்துக்குள் காவல் துறை தீர்ப்பாயத்துக்கு முதல் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது 2022-ல் வந்த விதி. ஊர்ப் பெரியவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று இந்த விதிகளில் எங்கும் கேட்கவில்லை.

வெறும் சிராய்ப்பு, கண்ணாடி உடைப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் பேசி முடித்துக்கொள்வதில் தவறில்லை. அப்போதும் எக்ஸ்ரேக்கு முன்னால் முடிக்க வேண்டாம். எழுதுவதாக இருந்தால் வண்டி எண், தேதி, இடம், யார் ஓட்டியது எல்லாவற்றையும் எழுதி, ‘இன்ன தொகை வண்டி ரிப்பேருக்கு மட்டும்’ என்று எழுதுங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருந்தால் கையெழுத்து வேண்டாம். கார்க்காரருக்கும் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ, தரவோ கூடாது என்று அவருடைய பாலிசியிலேயே நிபந்தனை அச்சிட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை.

எல்லோரும் மண்டபத்துக்காரர்களைப் போல இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்குத் தெரிந்து, ஊர்க்காரர் ஒருவர் தன் காரில் அடிபட்ட சிறுவனைத் தானே மருத்துவமனையில் சேர்த்து, தானே ஸ்டேஷனுக்குப் போய், தன் பாலிசி நகலைச் சிறுவனின் அப்பாவிடம் கொடுத்து, “கேஸ் போட்டுக்கப்பா, என் கம்பெனி குடுக்கும்” என்றிருக்கிறார். உறவுக்காரர்கள் அவரிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லையாம்.

மணிக்கட்டு உடைந்த அம்மாவின் கதைக்கு வருவோம். அவருடைய அக்கா மகன் சட்டக் கல்லூரியில் படிக்கிறார். ஆடி மாதம் விடுமுறைக்கு வந்தபோதுதான் முழுக் கதையையும் கேட்டிருக்கிறார். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுப் போட வேண்டும் என்பது 2022 முதல் உள்ள வரம்பு. முன்பு இப்படி வரம்பு இல்லாமல் இருந்தது. மாசி அமாவாசையிலிருந்து எண்ணிப் பார்த்திருக்கிறார். நாம் அந்த வீட்டுக்குப் போன அன்று இன்னும் இருபத்து மூன்று நாள் மீதி இருந்தது.

எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்பதாலேயே இழப்பீட்டு மனுவைத் தள்ளிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது என்று அந்தப் பையன் சித்திக்கு எடுத்துச் சொன்னார். புகார் எழுதிவிட்டார். டீக்கடைக்காரர் பார்த்தது உண்மை, சாட்சி சொல்வாரா என்பது தெரியாது. மருத்துவமனைப் பதிவேட்டில் மாடு இருக்கிறது. வெள்ளைத்தாள் மண்டபத்துக்காரர்களிடம் இருக்கிறது.

அந்த அம்மா வலது கையை மடக்கி விரித்துக் காட்டினார். முழுசாக மடங்கவில்லை. “புரட்டாசில மறுபடியும் மல்லாட்ட புடுங்குவாங்க. அவங்க கொல்லைக்குத்தான் போவணும். கேஸ் போட்டா கூப்புடுவாங்களா தம்பி?” என்று நம்மைக் கேட்டார். நாம் பதில் தேடிக்கொண்டிருந்தபோது கணவர்தான் பேசினார். “இந்தக் கைய வச்சிக்கிட்டு, கூப்புட்டாலும் என்னாத்த புடுங்குவ?”

மகன் உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தான். அன்று சாயங்காலம் மண்டபத்தில் வைத்து அனுப்பிய மூவாயிரம். தேதி, நேரம், அனுப்பியவர் பெயர், எல்லாம் அதில் இருக்கிறது. மாடு முட்டியவர்களுக்கு யாரும் ஜிபேயில் பணம் அனுப்புவதில்லை. திண்டிவனம் ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய் கொடுத்து பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறான்.